கஞ்சி போட்ட வடிதுணி

லாரி கிளம்ப வேண்டுமென்றால் காலையில் அரை மணி நேரம் நான் விசிறி சுற்ற வேண்டும். பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் ஓடுகிற காலமெல்லாம் சண்டை வந்ததும் போய்விட்டது. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்கு, கரி எங்களுக்கு. லாரியின் முதுகுப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் தீயை வைத்து, பக்கத்திலிருக்கும் கைவிசிறியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் கரி கனன்று கேஸ் கிளம்பும். அந்தக் கேஸ் குழாய் வழியாக ஆறி, ஒரு மரப்பெட்டிக்குள் நுழைந்து, துணியில் வடிகட்டி, பிறகு மிஷினுக்குப் போகும். அதற்குள் சுற்றியவனுக்குத் தோள்பட்டை கழன்றிருக்கும், கேஸ் குடித்துத் தலை விண்விண்ணென்று தெறிக்கும். இதற்குப் பேர் உத்தியோகம்.

என் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். மானம் பார்த்த பூமி, மானம் எங்களைப் பார்க்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் மதுரைக்கு வந்து ஜனகராஜ் அண்ணனுடைய லாரியில் கரி அள்ளிப் போடுகிறவனாகச் சேர்ந்தேன். வயதில் அவர் எனக்குச் சின்னவர்தான். லாரிக்குச் சொந்தக்காரரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அண்ணே என்றே கூப்பிட்டேன்.

அவர்கள் பட்டுநூல்காரர்கள், வீட்டுக்குள் தங்களுக்கென்று தனிப் பாஷை பேசுகிற நெசவுக்காரர்கள். பந்தடித் தெருவில் நீளமாக உள்வாங்கிப் போகும் வீடு. முன்கட்டில் இரண்டு தறி கிடந்த குழி அப்போதும் பலகை போட்டு மூடிக் கிடந்தது. நூலுக்குக் கண்ட்ரோல் வந்து தறி ஓடாமல் போனதும், அந்த இரண்டு தறியையும் விற்றுத்தான் லாரிக்குக் கரிப் பீப்பாய் மாட்டினார். வீட்டில் மூன்று பேர். அவர், அவர் அம்மா ரங்கநாயகி, மனைவி பத்மாசினி. பத்மாசினி பரமக்குடிப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். தறியில் உட்கார்ந்தால் புருஷனைவிட அவள் கை வேகம் என்று ரங்கநாயகி அம்மாளே ஒரு காலத்தில் சொன்னதுண்டு. தறியை விற்பதற்கு முன்னால் கடைசியாக அவள் நெய்தது எங்கள் லாரியின் வடிதுணியைத்தான். இரட்டை இழை போட்டு, ஜமுக்காளம் கனத்துக்கு ஒரே ஒரு துணி. துணி கிடைக்காத காலம். மாற்றுத்துணி கிடையாது.

அந்தத் துணியைத் தினமும் சாயந்திரம் பெட்டியிலிருந்து எடுத்து, கரி போகத் துவைத்து, காய வைத்துக் காலையில் பெட்டிக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் மாட்ட வேண்டும். துவைக்காவிட்டால் கேஸ் ஏறாது. துணியே இல்லாமல் ஓட்டினால் கரித்தூளும் சாம்பலும் நேராக மிஷினுக்குள் போய், எண்ணெயில் குழைந்து, வால்வு, பிஸ்டன், ரிங் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். இதைப் பீப்பாய் மாட்டின அன்றே ஜலீல் பாய் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். தெற்குவாசலில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அவர். "மூக்கைப் பொத்தாம மொளகா இடிப்பீங்களா? அது மாதிரிதான். துணி இல்லாம ஒரு மைல் கூட ஓட்டாதீங்க" என்றார். நாங்களும் தலையாட்டினோம். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

ஒரு வருஷம் நான்தான் துவைத்தேன். பங்குனி மாதம் பீப்பாய் மூடி தவறி விழுந்து என் இரண்டு கையும் வெந்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு விசிறியைப் பிடித்துவிடுவேன், தண்ணீர் பட்டால்தான் உயிர் போகிறது. பத்மாசினி பார்த்தாள்.

"குடுங்க கண்ணுச்சாமி, நான் தொவச்சுத் தாரேன்."

"வேணாம் தாயி. கருகருன்னு கைய நாசம் பண்ணிரும்."

"நான் நெஞ்ச துணிதான? நான் தொவைக்கக் கூடாதா?"

துவைத்தாள். மறுநாள் காலையில் துணியைக் கொடுத்தபோது அட்டை கணக்காக விறைத்து நின்றது. நான் படிக்காதவன், ஆனால் முட்டாள் இல்லை. இருந்தாலும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்லா வெயிலில் காய்ந்திருக்கிறது என்று நினைத்துச் சட்டத்தில் மாட்டி நாடாவைக் கட்டிவிட்டேன்.

அந்த வீட்டில் எந்தத் துணியைத் துவைத்தாலும் கடைசித் தண்ணீர் கஞ்சித் தண்ணீர்தான். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே வளர்ந்த கை. வேட்டி, சேலை, தலையணை உறை, அடுப்படிக் கரித்துணி எல்லாமே கஞ்சியில் முங்கித்தான் கொடிக்குப் போகும். அவள் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்துவிட்டது.

அன்றைக்குக் கொட்டாம்பட்டியில் சர்க்கார் நெல் ஏற்றப் போனோம். மேலூர் வரைக்கும் முனகிக்கொண்டே வந்த லாரி கருங்காலக்குடி ஏற்றத்தில் நின்றேவிட்டது. நான் விசிறியைச் சுற்று சுற்றென்று சுற்றினேன். கேஸ் ஏறினால்தானே? அண்ணன் இறங்கி வந்து பெட்டியைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"அடக் கண்றாவியே! கஞ்சி போட்டு வச்சிருக்காப்பா!"

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு வெயிலைப் பார்த்தார்.

"எடுத்துரு. இன்னைக்கு ஒரு நாளைக்கு."

"பாய் வேணாம்னாரே?"

"பாயா வந்து இந்த வெயில்ல நிக்கப் போறாரு? எடுப்பா."

எடுத்தேன். துணி போனதும் லாரி ஜம்மென்று கிளம்பியது. அதுதான் கேடு. இம்புட்டு நாளும் பத்து மைல் வேகத்தில் உருட்டி, ஏற்றத்துக்கு ஏற்றம் நிறுத்தி, தீயைக் கிளறி, விசிறி சுற்றி, மறுபடி உருட்டிச் சாகடித்த வண்டி அன்றைக்குப் பெட்ரோல் வண்டியாகப் பறந்தது. வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்தோம். அந்தச் சுகத்தை ஒரு நாள் கண்டவன் மறுநாள் விடுவானா? அவரும் விடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்றத்தில் விசிறி சுற்ற வேண்டாமென்றால் எனக்கு மட்டும் கசக்குமா?

ஒன்பது நாள் அப்படி ஓட்டினோம். துணி சீட்டுக்கு அடியில் கிடந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல அதை எடுத்துப் பத்மாசினியிடம் கொடுத்தேன். அவள் வழக்கம்போல வாங்கித் துவைத்தாள். கஞ்சியால் வண்டி நின்றதை முதல் நாளே நான் சொன்னதும் அவள் நாக்கைக் கடித்தாள். அதற்குப் பிறகு கஞ்சி போடவில்லை. துணி மெத்தென்றுதான் வந்தது. நாங்கள்தான் மாட்டவில்லை.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. மேலூர் தாண்டி, முழுப் பாரத்தோடு, லாரி நாலு தும்மல் தும்மியது. உள்ளே எதுவோ டக்கென்று அடித்தது. அதோடு சரி. நெல்லை இறக்கி வேறு வண்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி லாரியை மதுரைக்கு இழுத்து வந்தோம். வழியில் கிணற்றடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நின்றது கூடப் பெரிதில்லை. வருகிற திங்கட்கிழமை காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் லாரியை நிறுத்திக் காட்ட வேண்டும். கரி லாரிகள் எல்லாவற்றையும் பார்த்து, ஓடுகிற வண்டிக்கு மட்டும் சர்க்கார் நெல் ஏற்றும் பெர்மிட்டை நீட்டிப்பார்கள். ஓடாத வண்டிக்கு ரத்து. தறியும் இல்லை, லாரியும் இல்லை என்றால் அண்ணன் செல்லூரில் எவனுடைய தறியிலாவது கூலிக்கு உட்கார வேண்டியதுதான். நூல் இல்லாத காலத்தில் அந்தக் கூலித்தறியும் யார் கொடுப்பார்கள்?

வீட்டு வாசலில் ரங்கநாயகி அம்மாள் நின்றிருந்தார். மாடு பூட்டின லாரியைப் பார்த்ததும் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். அவர்கள் பாஷையில் என்னமோ கேட்டார். அண்ணன் என்னமோ சொன்னார். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'கஞ்சி'.

அவர் பொய் சொல்லவில்லை. துணிக்குக் கஞ்சி போட்டுவிட்டாள், அதனால் வந்த வினை என்று சொல்லியிருப்பார். அது பாதி. மீதிப் பாதியை முழுங்கிவிட்டார். உள்ளேயிருந்து வந்த பத்மாசினியை மாமியார் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் கரி வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டேன். அங்கே வரைக்கும் சத்தம் கேட்டது. பத்மாசினி சத்தம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி மாட்டைப் பூட்டி லாரியைத் தெற்குவாசலுக்கு இழுத்துப் போனோம். ஜும்மா முடிந்து ஜலீல் பாய் பட்டறையைத் திறந்தார். ஒல்லியான மனிதர். தாடியில் எண்ணெய் பட்டுவிடக் கூடாதென்று வேலை செய்யும்போது அதைத் துணியால் கட்டிக்கொள்வார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தப் போல்ட்டு எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வரிசைப்படி பலகையில் அடுக்கினார். மிஷினின் தலைமூடியான ஹெட்டைத் தூக்க நான் ஒரு பக்கம் பிடித்தேன். தூக்கியதும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

பிஸ்டன் தலையில் விரல் கனத்துக்குக் கரி. தோசைக்கல்லில் தீய்ந்துபோன மாவு மாதிரி. இரண்டு வால்வு மூட முடியாமல் திறந்தபடியே ஒட்டிக் கிடந்தது. ஜலீல் பாய் விரலால் கொஞ்சம் கரியைத் தொட்டு, கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"துணி இருந்துச்சா ஜனகராஜ்?"

"இருந்துச்சு பாய். வீட்டுல கஞ்சி போட்டுட்டாங்க, அதுனாலதான்..."

"கஞ்சி போட்டா கேஸ் வராது. வண்டி நிக்கும். அம்புட்டுதான். இந்தா பாரு, நறநறன்னு இருக்கு. சாம்பல். துணி இருந்தா சாம்பல் உள்ள வராது."

அண்ணன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஜலீல் பாய் என்னைப் பார்த்தார். நான் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்தேன்.

"சரி. அல்லா மேல பாரத்தப் போட்டு ஆரம்பிப்போம். திங்கக்கிழமைக்குள்ள முடியுமான்னு கேக்காதீங்க. கேட்டா முடியாதுன்னுதான் சொல்லுவேன்."

கரி சுரண்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் கீறல் விழும். கீறலில் மறுபடி கரி சீக்கிரம் ஏறும். அதனால் ஜலீல் பாய் மூங்கிலைச் சப்பையாகச் சீவி என் கையில் ஒன்றும் அண்ணன் கையில் ஒன்றும் கொடுத்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கரிமேல் போட்டு ஊற விட வேண்டும். ஊறினதும் மூங்கிலால் ஓரத்திலிருந்து நெம்ப வேண்டும். நகக்கண் அளவு வரும். மறுபடி ஊற விட வேண்டும். மண்ணெண்ணெயோ ரேஷன். சிந்தின துளியைக் கூடத் துணியில் ஒற்றி எடுத்தோம். ரிங்குகள் பள்ளத்துக்குள் இறுகிக் கிடந்தன. ஒரு ரிங் ஒடிந்தால் கதை முடிந்தது, மதுரை முழுக்கத் தேடினாலும் வேறு கிடையாது. அந்த ரிங்குகளை மட்டும் பாய் எங்களைத் தொட விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவரே கழற்றினார். செம்புத் தகட்டு கேஸ்கட்டும் புதிதாகக் கிடைக்காது. பழையதையே தட்டாமல், மடங்காமல் தணலில் காட்டிப் பதமாக்கி வைத்தார்.

சனிக்கிழமை பகல் வெயிலில் பட்டறைத் தகரம் நெருப்பாகக் கொதித்தது. சாப்பாடு வாங்கி வர என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். முற்றத்துக் குழாயடியில் பத்மாசினி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. மாமியார் உள்ளே இருந்தார். தூக்குச் சட்டியில் புளியோதரையும், இலையில் மடித்த நாலு முள்ளுமுருங்கை வடையும் எடுத்து வைத்தாள்.

"வால்வுல கரி எம்புட்டு இருந்துச்சு?"

"ரொம்ப தாயி. சுரண்டச் சுரண்ட வருது."

"பிசினா இருந்துச்சா, நறநறன்னு இருந்துச்சா?"

நெசவுக்காரப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தூக்குச் சட்டியின் மூடியைத்தான் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுந்தான்" என்றேன்.

"ம்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். துணியை எடுத்தது நான், எடுக்கச் சொன்னது உன் புருஷன் என்று இரண்டு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்கு இந்த லாரியில் எனக்கு இடம் உண்டா, ஊருக்குத் திரும்பிப் போய் எந்த மண்ணைத் தின்பது என்ற யோசனை வந்து வாயை அடைத்துவிட்டது. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வாசலில் ரங்கநாயகி அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, திங்கக்கிழமைக்குள்ள ஓடிருமா?"

"ஓடிரும் பெரியம்மா. பாய் சுரண்டிக்கிட்டுருக்காரு."

"ஓடுனாலும் சரி, ஓடாட்டியும் சரி. இவ இனிமே அந்த வண்டித் துணியத் தொடக் கூடாது. புதன்கிழமை ரயிலுக்கு இவளப் பரமக்குடிக்கு அனுப்புறேன். அப்பன் வீட்டுல இருந்து புத்தி படிச்சுட்டு வரட்டும். என்னைக்குக் கூப்பிடுறேனோ அன்னைக்கு வரட்டும்."

என்றைக்குக் கூப்பிடுவார் என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அந்தத் தெருவில் இப்படி அப்பன் வீட்டுக்குப் போன இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். கூப்பிட ஆள் போகவே இல்லை.

பட்டறைக்குத் திரும்பி அண்ணனிடம் சொன்னேன். மூங்கில் சப்பையை வைத்துச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"அம்மா கோவத்துல சொல்லுவாங்க. அப்புறம் சரியாப் போயிரும்."

"சொல்லிட்டா என்னண்ணே? நாமதான் எடுத்தோம்னு?"

"சொல்லி? தறிய வித்தவனும் நான்தான், வண்டியக் கெடுத்தவனும் நான்தான்னு சொல்லவா? விடு கண்ணுச்சாமி. எனக்கு முடியல."

உண்மையிலேயே அவருக்கு முடியவில்லைதான். இரண்டு நாளில் ஆள் பாதியாகிவிட்டார். நகத்துக்குள் எல்லாம் கரி. சாப்பிடக்கூடக் கை கூசி, வடையை இலையோடு வாயில் வைத்துக் கடித்தார். ஜலீல் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வால்வில் பசை தடவி உட்காரும் இடத்தில் வைத்து இப்படியும் அப்படியும் திருகித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வால்வு உக்கார்ற எடம் சுத்தமா இல்லேன்னா எம்புட்டு முடுக்குனாலும் கேஸ் கசியும்" என்றார். எங்களுக்குத்தான் சொன்னாரா, வால்வைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது ஹெட்டை மாட்டினோம். போல்ட்டுகளை வரிசை பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தடவையாகப் போட்டு முடுக்கினார். அண்ணன் முன்பக்கம் குனிந்து கைப்பிடியைச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக வந்தது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜலீல் பாய் தாடியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஹெட்டுக்கு நான் பொறுப்பு. துணிக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன் பாய்" என்றார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் பார்த்தார். வரிசையில் நின்ற வண்டிகளில் நாலைந்தைத் திருப்பி அனுப்பினார். எங்கள் முறை வந்ததும் வடிபெட்டியைத் திறக்கச் சொன்னார். துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதை யார் வாஷ் பண்றது?" என்றார். "வீட்டுலங்க" என்றார் அண்ணன். "நல்லா வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ரங்கநாயகி அம்மாள் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அழுதுவிட்டார் பாவம். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி நடைவழியில் வைத்தார். புதன்கிழமை புதன்கிழமைதான். இன்ஸ்பெக்டர் சொன்னதை அண்ணன் சொல்லவே இல்லை. நான் சொன்னேன். "இன்ஸ்பெக்டருக்கு என்ன தெரியும்?" என்றார் அம்மாள்.

அன்றைக்குச் சாயந்திரம் பத்மாசினி என்னிடம் வந்தாள்.

"பெட்டிக்குள்ள இருக்குற சட்டத்தையும் கழட்டித் தாங்க. துணிய நானே மாட்டி வைக்கிறேன். நாளைக்கு ஒரு நாள்தான் நான் இருப்பேன்."

மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம். மரச்சட்டத்தையும் துணியையும் கொடுத்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை விடியாத இருட்டில் ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். சாக்கை உருவிவிட்டு அப்படியே பெட்டிக்குள் சொருகினேன். நினைப்பெல்லாம் விசிறி மேலேயே இருந்தது. வேறு எதையும் கவனிக்கவில்லை.

கொட்டாம்பட்டியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு மதியத்தில் திரும்பினோம். சித்திரை வெயில் ரோட்டில் தண்ணீர் போலக் கண்ணைக் கட்டியது. கருங்காலக்குடிப் பக்கம் அதே மேடு, இந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏற்றம்தான். துணி இருக்கிறதல்லவா, லாரி ஏற்றத்தின் பாதியில் மூச்சு வாங்கியது. நியாயப்படி செய்ய வேண்டியது எங்களுக்குத் தெரியும். நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தீயைக் கிளறி, கால் மணி நேரம் விசிறி சுற்றி, மெதுவாகக் கிளம்ப வேண்டும். அண்ணன் நிறுத்தினார். கல்லை வைத்தேன். அவர் இறங்கி நிழலே இல்லாத ரோட்டைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணுச்சாமி."

"என்னண்ணே?"

"இந்த ஒரு ஏத்தத்துக்கு மட்டும். தாண்டுனதும் மாட்டிரலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று நாள் மூங்கிலால் சுரண்டின கை இன்னும் மண்ணெண்ணெய் நாற்றம் போகவில்லை. ஆனால் வாய் திறக்காமல் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பழகின புத்தி, சொன்னால் செய்துவிடுகிறது. நாடாவை அவிழ்க்க விரலை விட்டேன். நாடாவைக் காணோம்.

சட்டத்தை வெளியே இழுத்தேன். துணியைச் சட்டத்தோடு வைத்துச் சுற்றிலும் தைத்திருந்தாள். மரத்தில் ஊசி ஏறாது என்று, ஓரத்தைச் சட்டத்தின் மேல் மடித்து, துணியோடு துணியைச் சேர்த்து நாலு பக்கமும் நெருக்கி நெருக்கித் தையல். நூல் சாதா நூல் இல்லை, பாவு நூலை முறுக்கி இரட்டையாக்கியது. விரற்கடைக்கு ஒரு முடிச்சு. தறியில் அறுந்த இழையை இணைக்கப் போடுவார்களே, கண்ணுக்கே தெரியாத அந்த முடிச்சு. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது. கத்தி வைத்து அறுத்தால்தான் உண்டு.

"என்னப்பா, எடுத்தாச்சா?"

"இங்க வாங்கண்ணே."

வந்தார். சட்டத்தைக் கையில் வாங்கினார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார். நெசவுக்காரர் விரல், எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு முடிச்சிலும் நின்று நின்று போனது. நாலு பக்கமும் தடவி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தடவினார்.

"தெரிஞ்சிருக்கு" என்றார்.

"தெரியாம என்னண்ணே? ஒம்போது நாளு கரியே ஒட்டாத துணியத் தொவச்சுருக்கு. அதுக்குத் தெரியாதா?"

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே முழுசாக உறைத்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அம்புட்டு பேச்சையும் வாங்கிக்கொண்டு, புருஷன் வாயிலிருந்து வரட்டும் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். வரவில்லை. வராது என்று தெரிந்ததும், போகிற நேரத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் செய்யாமல் லாரியைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள்.

"கத்தி இருக்கா?" என்று கேட்டார் அண்ணன்.

"இருக்கு. தர மாட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வேலை போனால் போகட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று நின்றேன். அவர் சட்டத்தை மார்போடு வைத்துக்கொண்டு மைல் கல்லில் உட்கார்ந்தார். வியர்வையா கண்ணீரா, முகத்தில் கரியை அறுத்துக்கொண்டு இரண்டு கோடு இறங்கியது. பிறகு எழுந்து அவரே சட்டத்தைப் பெட்டியில் சொருகி மூடினார். விசிறிப் பக்கம் வந்தார்.

"நகரு. நான் சுத்துறேன்."

முழுக் கால் மணி நேரமும் அவரே சுற்றினார். நாலு ஏற்றத்துக்கு நாலு தடவை நிறுத்தினோம். மதுரை வந்து நெல்லை இறக்கிவிட்டு வீட்டுக்கு வர விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

நடைவழியில் தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. ரங்கநாயகி அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கால்கூடக் கழுவாமல் அவர் முன்னால் போய் நின்று அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. முறம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. அம்மாள் ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நெசமாப்பா?"

"நெசந்தான் பெரியம்மா. எடுத்தது இந்தக் கைதான். ஒம்போது நாளும் துணி சீட்டுக்கடியில கெடந்துச்சு."

அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். சமையல்கட்டு வாசலில் பத்மாசினி நின்றிருந்தாள். மாமியார் எழுந்து போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். பத்மாசினி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் தமிழில். எனக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"அவுக்க வேணாம் அத்தே. நாளைக்கு நான் போறேன். அப்பாவப் பாத்து வருசமாச்சு. பத்து நாள் இருந்துட்டு, நானா வாரேன். யாரும் கூப்பிட வர வேணாம்."

அண்ணன் வெளியே போய் லாரியிலிருந்து சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரு நாள் கரி முழுக்க அதில் இருந்தது. வெள்ளைத்துணி அடுப்படிச் சுவராகக் கறுத்திருந்தது. குழாயடியில் உட்கார்ந்து முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பல்லால் கடித்துப் பார்த்தார்.

"இத எப்படி அவுக்குறது?" என்று நிமிர்ந்து கேட்டார். அவரும் தமிழில்தான் கேட்டார்.

"அது அவுராது" என்றாள் பத்மாசினி. "சட்டத்தோட தொவைங்க. கஞ்சி போட்றாதீங்க."

மூன்று வாளி தண்ணீர் கறுப்பாக ஓடியது. நாலாவது வாளியைத் தூக்கிக்கொடுக்க நான் போனேன். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு அவரே குழாயைத் திறந்து பிடித்தார்.